அரங்கன் ஊரைவிட்டுப் போன காலம்

கேள்வி: ஸ்ரீரங்கம் பெருமாள் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருப்பது ஏன்? விபீஷணன் கதை வரலாறா?
– வாசகி, கரூர்

பதில்: அது தலபுராணம். ராமன் தந்த, பெருமாள் பள்ளிகொண்ட விமானத்தோடு இலங்கைக்குப் புறப்பட்ட விபீஷணன், வழியில் அதைக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இறக்கிவைத்தான். பிறகு அசைக்க முடியவில்லை. அழுதவனுக்காக இலங்கைத் திசையைப் பார்த்துக்கொண்டே இருப்பதாகப் பெருமாள் வாக்குக் கொடுத்தார் என்பது ஐதிகம். கல்வெட்டுச் சான்று இதற்குக் கிடையாது. ஆனால், அதற்கு இணையாக மனத்தை உலுக்கும் சம்பவம் வரலாற்றிலேயே இருக்கிறது.

1323-இல் டெல்லிப் படை வந்தபோது மூலவர் சந்நிதியைக் கல்சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு, தள்ளாத வயதிலிருந்த வைணவ ஆசாரியர் பிள்ளைலோகாசாரியார் சிலரோடு தெற்கே நடந்தார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. நம்பெருமாளின் பயணம் நிற்கவில்லை. கேரளம், கன்னட நாடு எனச் சுற்றித் திருமலை சேர்ந்தார். விஜயநகரத் தளபதி கோபணர் 1371-இல் அவரைத் திரும்ப எழுந்தருளச் செய்தார். சுமார் 48 ஆண்டுகள்! புறப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. பெயர்கூடத் தெரியாத அந்த அடியார்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்று கோயிலில் நாம் காணும் 236 அடி ராஜகோபுரம் 1987-இல்தான் நிறைவுற்றது. அதை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். கோபணரைப் போற்றும் கல்வெட்டு கோயிலுக்குள் இருக்கிறது. அடுத்தமுறை போகும்போது அதையும் கேட்டறிந்து பாருங்கள்.