‘நேத்து என்ன பண்ணுன?’ – பிரெஞ்சில் கேட்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வெப்கேமராவை மாட்டியதும் முதலில் செய்வது வெளிநாட்டு உறவினரை அழைப்பதுதான். சின்னசேலத்தில் இருக்கும் என் அத்தைக்குப் பாரிஸில் ஏழு வயதுப் பேரன். அவனுக்குத் தமிழ் சரியாக வராது, அத்தைக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவரும் திரையில் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், பேச்சு நகராது. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பலவற்றிலும் இன்று இதே நிலைதான்.

அத்தைக்காக நான் தயாரித்த பாடம் இது. பிரெஞ்சு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுவதால் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

முதல் கேள்வி: ‘தா ஃபே குவா இயேர்?’ நேத்து என்ன பண்ணுன? ‘குவா’ என்றால் என்ன, ‘இயேர்’ என்றால் நேற்று. புத்தகத்தில் ‘கெஸ்க து ஆ ஃபே’ என்று இருக்கும். பேச்சில் ‘து ஆ’ சுருங்கி ‘தா’ ஆகிவிடும். நம் ‘பண்ணினாய்’ ‘பண்ணுன’ ஆவது போலத்தான். இன்னொரு வசதியும் உண்டு. ‘தோசை சாப்பிட்டேன்’ என்பதில் தோசை இருந்த இடத்தில் ‘என்ன’ என்று போட்டுக் கேட்கிறோம் அல்லவா? பேச்சுப் பிரெஞ்சிலும் அப்படியே, பதில் வரவேண்டிய இடத்தில் ‘குவா’. ஆங்கிலம் மாதிரி கேள்விச் சொல்லை முன்னால் இழுக்க வேண்டாம்.

‘சாப்டியா?’ என்பதற்கு ‘தா மாஞ்ஜே?’ நம் ‘ஆ’ போல ஒட்டு எதுவும் கிடையாது, கடைசியில் குரலை உயர்த்தினால் போதும். ‘சாப்பிடலையா?’ என்றால் ‘தா பா மாஞ்ஜே?’ (ஜ-வை ஷ-வுக்குப் பக்கமாக, மென்மையாகச் சொல்லுங்கள்.)

போவது, வருவது, கிளம்புவது போன்ற சில வினைகளுக்கு மட்டும் ‘தா’ போய் ‘தே’ வரும். ‘தே அலே ஊ?’ எங்க போன? பையன் ‘ஷ்வி அலே ஆ லெகோல்’ என்பான். ஸ்கூலுக்குப் போனேன் என்று அர்த்தம். உடனே ‘ஸெத்தே பியான்?’ என்று கேளுங்கள், நல்லா இருந்துச்சா என்று. இந்த ஒரு கேள்விக்கே அவன் பத்து நிமிடம் பேசுவான்!

சம்பந்தி வீட்டாரிடம் இப்படி ஒருமையில் கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு ‘வூஸாவே ஃபே குவா?’

உச்சரிப்பைக் கேட்டுப் பழக கூகுள் டிரான்ஸ்லேட்டில் பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்து, டைப் செய்து, ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்யுங்கள். ‘தா’ என்பதன் ஸ்பெல்லிங் டி, அபாஸ்ட்ரபி, ஏ, எஸ். கடைசி எஸ் ஒலிக்காது.

சாட்டில் எழுதுவதானால் தலையில் கோடு போட்ட ‘ஈ’ எழுத்து வேண்டும். நம் லாக்கை ஆன் செய்து, ஆல்ட் கீயை அழுத்தியபடி வலப்புற நம்பர் கீகளில் 0233 தட்டுங்கள். லேப்டாப்பில் நம்பர் கீகள் இல்லையென்றால், விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் கீயுடன் புள்ளியை அழுத்தினால் வரும் பெட்டியில் குறியீடுகள் பகுதியில் தேடுங்கள். பேத்தியிடம் ‘அலே’ என்று எழுதும்போது கடைசியில் இன்னொரு சாதா ‘ஈ’ சேர்க்க வேண்டும். பேரனுக்கு அது வேண்டாம். ஒலியில் இரண்டும் ஒன்றே என்பதால் வீடியோ அழைப்பில் இந்தக் கவலை இல்லை.