கத்திரிக்கு முன் டயர் காற்றைப் பாருங்கள்

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். சித்தூரிலும் திருப்பதியிலும் வெயில் அதற்கு முன்பே 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. மாங்காய் லோடு ஏற்றிய லாரிகளும், பள்ளி விடுமுறையில் திருமலைக்குப் புறப்படும் கார்களும் சாலையை நிறைக்கப்போகின்றன. வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள்: விடிகாலையில், வண்டியைக் கிளப்புமுன், டயர் காற்றை அளந்துவிடுங்கள்.

விடிகாலை என்பது முக்கியம். அடைபட்ட காற்று சூடேறினால் அழுத்தம் கூடும். 27 டிகிரியில் 33 பவுண்டு பிடித்த டயர், ஓடி ஓடி உள்காற்று 57 டிகிரியானால் ஏறத்தாழ 38 காட்டும். இந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் கார் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். 38-ஐப் பார்த்துப் பயந்து நடுவழியில் காற்றை 33-க்கு இறக்கினால், டயர் ஆறியதும் 29-க்குக் கீழே போய்விடும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கலே சூட்டைப் பெருக்கி, டயரை வெடிக்க வைக்கிறது. "வெயில் காலம், ரெண்டு பவுண்டு குறைச்சுப் பிடிப்பா" என்று சொல்லும் பழக்கம் உயிரோடு விளையாடுவது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். நைட்ரஜன் பிடித்தாலும் சூட்டில் அழுத்தம் ஏறத்தான் செய்யும்.

லாரிக்காரர்கள் கம்பியால் தட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயர் இறங்கியிருந்தாலும் வெளியே தெரியாது. கேஜ் வைத்தே பாருங்கள்.

திருமலையில் வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிடச் சுமார் ஒரு பவுண்டு குறைவு. அதனால் அங்கே கேஜ் சற்றுக் கூடக் காட்டலாம்; காற்றைத் தொடாதீர்கள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கு ஏறும். தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

சூட்டில் அழுத்தம் ஏறுவது டயரில் மட்டுமல்ல. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சென்ட் ஸ்பிரே, லைட்டர் எதுவும் வேண்டாம். ஸ்பிரே டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்றே அச்சிட்டிருக்கும். மூடிய கார் அதை எளிதாகத் தாண்டும்.

வீட்டிலும் இதே கவனம் வேண்டும். சமையல் சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். சூடேற ஏற அது கூடுதலாக ஆவியாகி அழுத்தத்தைக் கூட்டும். மொட்டைமாடியிலோ வெயில் படும் வாசலிலோ வைக்காமல், நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.