உப்பைக் குறைங்கன்னு சொல்லி நிறுத்திடாதீங்க

நெஃப்ரோல புதுசா சேர்ந்திருக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு அக்கா சொல்றது. புத்தகத்தை நீங்களே படிச்சுப்பீங்க. வார்டுல நான் சூடுபட்டுக் கத்துக்கிட்டதை மட்டும் சொல்றேன்.

முதல் வருஷம், ஒரு பெரியவர்கிட்ட "உப்பைக் குறைங்கய்யா"ன்னு சொல்லி அனுப்பினேன். டாக்டர் சொன்னா அப்படியே கேக்கிற மனுஷன். பத்து நாள்ல கால் துவண்டு வீல்சேர்ல வந்தார். பொட்டாசியம் 7.4. இ.சி.ஜி.யில டி அலை கூடாரம் கட்டி நிக்குது. விசாரிச்சா, 'சோடியம் குறைந்த உப்பு'ன்னு கடையில ஒரு பாக்கெட் வாங்கி, மக அதுலதான் சமைச்சிருக்கா. சோடியத்தை எடுத்த இடத்துல அவங்க போடுறது பொட்டாசியம் குளோரைடு! தப்பு என்னோடது. எந்த உப்பு, எவ்வளவுன்னு நான் சொல்லவே இல்லை. "இந்துப்பு போடலாமா?"ன்னும் கேப்பாங்க. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், விலைதான் ஜாஸ்தி.

அன்னிக்கு ராத்திரி கத்துக்கிட்டது இன்னொண்ணு. கால்சியம் குளுக்கோனேட் போட்டதும் இ.சி.ஜி. அழகாயிடும். அதைப் பார்த்து உட்கார்ந்துடாதீங்க. பொட்டாசியம் ஒரு புள்ளிகூட இறங்கியிருக்காது. இதயத்துக்கு அரை மணி, ஒரு மணி காவல், அவ்வளவுதான். இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் அதை செல்லுக்குள்ள தள்ளி ஒளிச்சு வைக்கும், வெளியேத்தாது. அதனால டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கு அப்பவே போன் போடுங்க. அப்புறம் ஆறு மணி நேரமாவது மணிக்கொரு தடவை சுகர் பாருங்க. கிட்னி போனவங்களுக்கு இன்சுலின் சீக்கிரம் உடம்பை விட்டுப் போகாது.

"என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா "எப்பவும் போலத்தான்"னு பதில் வரும். சமைக்கிறவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. காயை நறுக்கி, நிறைய தண்ணியில வேகவெச்சு வடிக்கச் சொன்னா வடிப்பாங்க. சத்து வீணாகுதேன்னு அந்தத் தண்ணியிலயே ரசமும் வைப்பாங்க. வெயில் காலமா இருந்தா இளநீர் பத்தி தனியா கேளுங்க. "வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?"ன்னா இல்லைம்பாங்க. முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குற டைக்ளோஃபினாக் அவங்க கணக்குல மாத்திரையே இல்லை.

கிரியாட்டினினைத் தனியா நம்பாதீங்க. 75 வயசுப் பாட்டிக்கு 1.3ங்கிறது ரிப்போர்ட்ல சாதுவா உக்கார்ந்திருக்கும். இ.ஜி.எஃப்.ஆர். போட்டா 43தான்.

கை விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. டயாலிசிஸ் வரப்போற நோயாளியோட பழக்கமில்லாத கையைத் தொடவே விடாதீங்க. ஊசி, வென்ஃப்ளான் எல்லாம் மறுகைப் புறங்கையில. ஃபிஸ்டுலா போட்ட கையில பி.பி. கட்டக்கூடாதுன்னு கட்டில்ல எழுதி ஒட்டுங்க. ரவுண்ட்ஸ்ல ஃபைலைத் திறக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்துல விரலை வைங்க, அதிர்வு தெரியணும். வீட்டுக்காரங்களுக்கும் அதைத் தொட்டுக் காட்டுங்க. அப்படிப் பழகின ஒரு அம்மா விடியக்காலம் அஞ்சு மணிக்கு போன் பண்ணி, "இவரு கையில ஓட்டம் நின்னுபோச்சு, டாக்டரம்மா"ன்னாங்க. பஸ் பிடிச்சு எட்டரைக்கு வந்துட்டாங்க. அன்னிக்கே சர்ஜன் கட்டியை எடுத்துட்டார். அந்த ஃபிஸ்டுலாலதான் இன்னும் அவருக்கு டயாலிசிஸ் ஓடுது.