குளிர்நாடு புகுதல்: நன்மை தீமை சீர்தூக்கல்

தருக்கக் கட்டுரை எழுதப் பணித்தால் மாணவர் பலர் தாளின் நடுவே ஒரு கோடு கீறுவர். இடப்புறம் நன்மை ஐந்து. வலப்புறம் தீமை ஐந்து. இரு புறமும் ஒத்துவிட்டால் கட்டுரை முற்றியதென எண்ணிப் பேனாவை மூடிவைப்பர். இஃது எண்ணுதலேயன்றி நிறுத்தல் அன்று. ஐந்து வெங்காயத்தையும் ஐந்து பொற்காசையும் எண்ணிச் சமமென்பார் உளரோ? திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தின் முதற்குறள் மூன்று வினாக்களை எழுப்புகின்றது: செய்யப் புகுவதனால் இழப்பது யாது, பெறுவது யாது, பெற்றது பின்னர் ஈட்டித் தருவது யாது? மூன்றாவது வினாவையே நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

இப்பாடத்தைக் கற்பிப்பதற்கு அண்மையில் எமக்கு ஒரு மெய்யான விடயம் வாய்த்தது. எம்மிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் ஐக்கிய அமெரிக்க நாட்டின் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரிலே மனைவியுடனும் சிறு மகளுடனும் வாழ்கின்றார். தந்தையார் காலமானபின் அன்னையாரையும் தம்மோடு அழைத்து வைத்திருக்கின்றார். அவருக்கு வடக்கே மினசோற்றா மாநிலத்து மினியாப்பொலிஸ் நகரில் இன்னும் உயர்ந்த பதவியொன்று கிட்டியுள்ளது. "ஐயா, போவதா விடுவதா? அம்மாவுக்கு முட்டு வருத்தம் உண்டென்பது தங்களுக்குத் தெரியும்" என எழுதியிருந்தார். வெண்பனியைப் படத்திலன்றிக் கண்டறியாத எம்மிடம் இதனைக் கேட்டது வியப்பே. எனினும், ஒருகாலத்தில் இவருடைய கட்டுரைக்கு "நிறுத்துப் பார்க்கவில்லை" எனச் செம்மையினால் எழுதிய கை இதுவாதலின் மறுக்க இயலவில்லை. உயர்தர வகுப்பு மாணவரையும் துணைக்கொண்டு ஆராயத் தொடங்கினோம்.

முதலில் சொல்லைத் தெளிதல் வேண்டும். நமக்குப் பனி என்பது மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளி. வாடைக்காலத்தைப் பாடிய நெடுநல்வாடையின் குளிரும் தீக்காய்ந்து தாங்கத்தக்க குளிரே. மினசோற்றாவின் குளிர் வேறு இனம். மினியாப்பொலிசில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 9 செல்சியசுப் பாகை. அம்மாநிலத்தின் வடபாலுள்ள ரவர் என்னும் ஊரருகே 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் உறைநிலைக்குக் கீழே 51 பாகை பதிவாயிற்று. காற்றும் சேர்ந்து உடல் உணரும் குளிர் உறைநிலைக்குக் கீழே 28 பாகையை எட்டின், மூடாத தோல் அரைமணி நேரத்தில் உறைந்து புண்படும். ஆண்டொன்றுக்கு நகரில் வீழும் வெண்பனி ஏறத்தாழ 50 அங்குலம். 1991ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் தொடங்கிய ஒரே புயலில் மட்டும் 28 அங்குலம் வீழ்ந்தது.

இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு ஒருமுகமாக "வேண்டாம்" என்றது. ஒரு மாணவி மட்டும், "அப்படியாயின் அங்கே இலட்சக்கணக்கானோர் எவ்வாறு வாழ்கின்றனர்?" என வினவினாள். பாடம் உண்மையில் அவ்வினாவிலேதான் பிறந்தது.

குளிர் வேறு, குளிருக்கு ஆயத்தமின்மை வேறு. 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் கடுங்குளிர் வெப்பநாடான ரெக்சாசையே தாக்கியது. மின்னிலையங்களும் எரிவாயு வழங்கலும் உறைவுக்கு ஆற்றாது தளர்ந்தன. வீடுகளில் நீர்க்குழாய்கள் வெடித்தன. அரசின் கணக்கின்படியே இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மினசோற்றாவில் அத்தகைய குளிர் ஆண்டுதோறும் வருவது. ஆதலின் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே அத்திவாரம் இறங்க வேண்டுமென்பது கட்டடவிதி. தென்பகுதியில் 42 அங்குலம், வடபகுதியில் 60 அங்குலம். மினியாப்பொலிசின் நடுவிடத்திலே 1962ஆம் ஆண்டு முதலாகக் கட்டிடத்துக்குக் கட்டிடம் மூடிய மேற்பாலங்கள் அமைத்து வருகின்றனர். அவை இன்று 9 மைலுக்கும் மேல் நீண்டு, மேலங்கியின்றியே நடந்து அலுவல் பார்க்க உதவுகின்றன. வீட்டின் முன்னுள்ள நடைபாதையில் வீழ்ந்த வெண்பனியை ஒரு நாளுக்குள் அகற்றுவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அதிகாலையில் மண்வெட்டியோடு நிற்பது எம் மாணவருக்கு நன்று. பள்ளியில் சிரமதானத்துக்கு அவர் வந்ததாக எமக்கு நினைவில்லை.

மேலும், இருக்கும் இடத்தின் தீமையையும் தட்டில் இடுதல் வேண்டும். பலரும் புதிய இடத்தின் குறையைப் பழைய இடத்தின் நிறைவோடு ஒப்பிடுவர். அஃது நேர்மையற்ற தராசு. 2017இல் ஹார்வி புயலால் ஹூஸ்ரன் வெள்ளத்தில் மூழ்கிற்று. 2024 யூலையில் பெரில் புயலின்பின் அப்பகுதியில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் மின்னிழந்தன. அவ்வெக்கையில் குளிரூட்டியின்றி முதியோர் பட்ட பாடு சிறிதன்று.

பொருள்நிலையை விரைந்து சொல்லி அகல்வோம். ரெக்சாசில் மாநில வருமானவரி இல்லை. மினசோற்றாவில் உயர்ந்த படியில் நூற்றுக்கு 9.85. தடித்த உடை, சப்பாத்து, சூடாக்கும் செலவு என்பனவும் உள. உயரும் சம்பளத்தில் ஒரு பகுதி இவற்றுக்கே போகும் எனினும், மீதி இழப்பாகத் தோன்றவில்லை. நுளம்பு குளிரில் ஒழியுமென ஒரு மாணவன் நன்மைப் பக்கத்தில் எழுதினான். கோடையில் அங்கே நுளம்பைத்தான் மாநிலப் பறவையென்று பகடி பண்ணுகின்றனராம், அவ்வரியை அழித்தோம்.

எடை மிகுந்த பொருள் வேறொன்று உண்டு. அது குளிர் அன்று, இருள். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. மினியாப்பொலிசில் யூன் மாதப் பகல் பதினைந்தரை மணி. திசெம்பர்ப் பகல் ஒன்பது மணியும் இல்லை. விளக்கேற்றி வேலைக்குச் சென்று விளக்கேற்றி மீளல். ஒளி குன்றும் மாதங்களில் மட்டும் சிலரைப் பற்றும் உளச்சோர்வுக்கு 1984இல் மருத்துவ அறிஞர் தனிப்பெயரே இட்டனர். நம்மனைய கருநிறத் தோலினர்க்கு வெயிலால் உடலில் விளையும் விற்றமின் டி குறைதலும் உண்டு. கம்பளி வாங்கலாம், வெயிலை எக்கடையில் வாங்குவது?

இனி அன்னையாரைப் பற்றிய கூறு. குளிர்ந்து வறண்ட காற்று முட்டுடையாரின் மூச்சுக்குழலை இறுக்கும் என்பது மருத்துவர் அறிந்தது. வெண்பனியிலும் கொடியது, அது உருகி மீண்டும் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும் தரை. முதியோர் வழுக்கி வீழ்ந்தால் இடுப்பெலும்பு முறியும். உயர்ந்த மருத்துவம் அருகிலுண்டு. புகழ்பெற்ற மேயோ மருத்துவ நிலையம் அம்மாநிலத்து ரொச்செஸ்ரர் நகரிலேயே உள்ளது. மினியாப்பொலிசுக்கு அண்மையில் மேப்பிள் குரோவில் 2006இல் திறக்கப்பெற்ற பெரிய இந்துக் கோயிலும் உண்டு. ஆயின் அவ்வம்மையார் நாள்தோறும் விடியலில் வெறுங்காலுடன் பிள்ளையார் வாசலுக்கு நடந்து பழகியவர். ஹூஸ்ரனிலும் காலையில் முற்றத்துப் பூக்கொய்வது அவர் வழக்கமென மகன் எழுதியுள்ளார். அங்கே ஆண்டில் ஐந்து மாதம் வாசற்கதவைத் தாமாகத் திறந்து வெளியேற அஞ்சுவார். பிறர் வாகனத்தில் ஏற்றினாலன்றி வெளியே செல்ல இயலாத வாழ்வு நோயின்றியே ஒருவரை நோயாளியாக்கும். இவ்வொன்றை இடத்தட்டில் வைத்தபோது, மறுதட்டில் நாம் அடுக்கிய பலவும் மேலெழுந்தன.

ஆயினும் முற்றாக அன்று. மூன்றாவது வினா எஞ்சியது. பேத்திக்கு நல்ல பள்ளிக்கூடம், உறைந்த ஏரியின்மேல் விளையாடும் இளமை, புதிய பதவி பின்னர்த் திறக்கும் வாயில்கள் என்பன ஓராண்டு ஊதியமல்ல. அன்றியும் அன்னையாரின் விருப்பத்தை யாரும் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை! இக்குறையைச் சுட்டியவளும் அம்மாணவியே.

ஒரு வரலாற்றையும் எழுதி அனுப்பினோம். 1940 நவம்பர் 11ஆம் நாட் காலை மினசோற்றாவில் இதமாக விடிந்தது. வாத்து வேட்டைக்குச் சென்றோர் பலர் மெல்லிய உடையுடன் ஆற்றங்கரையை அடைந்தனர். அன்றே கடும்பனிப்புயல் வீசி, அம்மாநிலத்தில் 49 பேர் மாண்டனர். வேட்டையாளர் பலர் அவருள் அடங்குவர். வேலைதருவோர் விருந்தினரை அழைத்துக் காட்டுவது பெரும்பாலும் யூன் மாதத்து மினசோற்றாவையே. ஆதலின் பெப்ரவரியிற் சென்று பார்க்குமாறும், தனியே செல்லாது அன்னையாரையும் அழைத்துச்சென்று இரு கிழமை தங்குமாறும், போவதென்றே துணிந்தாலும் ஹூஸ்ரன் வீட்டை விற்காது ஒரு குளிர்காலம் வாடகைக்கு விட்டுவைக்குமாறும் எழுதினோம். அன்னையாருக்குத் தனியே ஒரு கடிதம் வைத்து, அவர் கருத்தை அவர் கைப்படவே எழுதுமாறு வேண்டினோம்.

மகனின் மறுமொழி இன்னும் வந்திலது. அன்னையாரின் கடிதம் சென்ற கிழமை வந்தது. குளிரைப் பற்றி அதில் ஒரு வரியே உண்டு: "பிள்ளை போகட்டும், நானும் போவேன், ஆனால் அங்கே வாசலில் நித்தியகல்யாணி நிற்குமா என்று வாத்தியார் விசாரித்துச் சொல்லவேண்டும்." வீட்டினுள் யன்னலோரச் சாடியில் வைத்தால் நிற்குமென்று விவசாயபாட ஆசிரியர் கூறுகின்றார். அவ்வாறே எழுதியிருக்கின்றோம்.