கிரீடத்தை மட்டும் நம்பாதே

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தின் நகல் கிடைத்தது. தடித்த அட்டையில் ஒட்டிய ஸ்டூடியோப் படம். திரையில் வரைந்த தூணுக்கு முன்னால் லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவர் விறைப்பாக நிற்கிறார். ஹெல்மெட் தகட்டில் இருப்பது விக்டோரியா காலத்துக் கிரீடம் என்று கண்டுபிடித்து, "1901க்கு முந்தையது" என்று பதிவேட்டில் எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கிரீடத்தைச் சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறாய், அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் இன்னும் எழுதாதே.

பல வருடங்களுக்கு முன் இதேபோன்ற ஒரு படத்துக்கு நானும் இதே வரியைத்தான் எழுதினேன். படத்தைக் கொண்டுவந்த அம்மையார், தன் தாத்தா 1903இல் கல்யாணமான புதிதில் எடுத்துக்கொண்டது என்றார். "கிரீடத்தைப் பாருங்கள், அப்படி இருக்க முடியாது" என்று அடித்துச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். பல மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் மார்பில் தொங்கிய பதக்கத்தின் நாடாவைப் பார்த்தேன்: கறுப்புப் பட்டை, அதன் நடுவே வெளிறிய மெல்லிய கோடு ஒன்று.

லண்டன் போலீஸ்காரர்களுக்கு விக்டோரியாவின் ஜூபிலிகளுக்காக 1887லும் 1897லும் பதக்கம் கொடுத்தார்கள். இரண்டுக்கும் நாடா முழு நீலம். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்குக் கொடுத்த பதக்கத்தின் நாடா சிவப்பு, நடுவில் ஒரு நீலக் கோடு. 1911இல் ஐந்தாம் ஜார்ஜுக்கு வந்ததும் சிவப்புதான், ஆனால் நீலக் கோடுகள் மூன்று. நான் பார்த்தது 1902ஆம் ஆண்டு நாடா. ராணி 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். ராணியின் கிரீடமோ அந்த மனிதரின் நெற்றியில் இன்னும் இருந்தது. அம்மையார் சொன்னதுதான் சரி. மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். அவரிடம் அப்படிப் பேசியது இன்றும் மனதில் உறுத்துகிறது.

ஏன் அப்படி நேர்ந்தது என்று யோசித்துப் பார். புதிய அரசர் வந்துவிட்டார் என்பதற்காக ஆயிரக்கணக்கான ஹெல்மெட்டுகளில் ஒரே நாளில் தகடு மாறிவிடாது. கிடங்கில் கையிருப்பு தீர வேண்டும், பழைய ஹெல்மெட் தேய வேண்டும். அதனால் பழைய சின்னம் பழைய காலத்துக்குச் சாட்சியாகாது. ஒரு படத்தில் இருப்பதிலேயே எது கடைசியாகப் புழக்கத்துக்கு வந்ததோ, அதைத் தேடு. அது வருவதற்கு முன் அந்தப் படத்தை யாரும் எடுத்திருக்க முடியாது. நம் நாட்டுப் போலீஸ் படங்களில் 1950க்குப் பிந்தைய சிங்கமுகச் சின்னத்தைப் பார்க்கும்போதும் இதே கணக்குதான்.

சிவப்பு நாடா ஏன் கறுப்பாகத் தெரிந்தது என்று கேட்பாய். அந்தக் காலத்துப் புகைப்படக் கண்ணாடித் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளிக்கே வசப்படும், சிவப்பு அவற்றுக்கு இருட்டு. ஆகவே நீலம் வெளிறும், சிவப்பு கறுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு உன் படத்தில் இடது மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் பட்டையைப் பார். பணியில் இருக்கிறார் என்பதற்கான கைப்பட்டை அது. 1830 முதல் 1960களின் இறுதிவரை இருந்தது. மெட்ரோபாலிட்டன் போலீஸுக்கு நீலமும் வெள்ளையும், நகரின் நடுப்பகுதியைக் காக்கும் சிட்டி போலீஸுக்குச் சிவப்பும் வெள்ளையும். பழைய படத்தில் முதலாவதன் கோடுகள் மங்கிக் கலந்துவிடும், இரண்டாவதன் கோடுகள் பளிச்சென்று நிற்கும். மங்கிய பட்டையை வெறும் மடிப்பு என்று தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். சிட்டி போலீஸின் ஹெல்மெட்டே வேறு மாதிரி. உச்சியில் சேவல் கொண்டைபோல் ஒரு மேடு ஓடும், முகப்பில் நகரத்தின் சின்னம் இருக்கும்.

இன்னொரு இடறல். தகரத் தகட்டில் நேரடியாக எடுத்த படங்கள் இடம் வலம் மாறித்தான் விழும். கான்ஸ்டபிளின் கைப்பட்டை வலது கையில் இருந்தால் உடனே கழுத்துப்பட்டி எண்ணைப் பார். எழுத்து இடம் வலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் படத்தைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். இடப்பக்கம் குத்த வேண்டிய பதக்கமும் அப்போது வலப்பக்கம் போயிருக்கும். எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை: எழுத்து டிவிஷனைச் சொல்லும், எச் என்றால் வைட்சாப்பல். எண் ஆளைச் சொல்லும் என்று நினைத்துவிடாதே. ஒருவர் விலகினால் அது அடுத்தவருக்குப் போகும்.

மற்றவை உனக்குச் சீக்கிரமே பழகிவிடும். மெட்ரோபாலிட்டன் போலீஸ் 1829இல் தொடங்கியபோது உயரமான தொப்பி, 1860களின் நடுவில் ஹெல்மெட். சட்டைப் பொத்தானிலிருந்து விசில் சங்கிலி தொங்கினால் 1880களின் நடுப்பகுதிக்கு முன் வைக்காதே, அதுவரை அவர்கள் கையில் இருந்தது கிலுக்கட்டை. கழுத்துவரை மூடிய சட்டை இரண்டாம் உலகப் போர்வரை நீண்டது, டையும் திறந்த கழுத்தும் அதற்குப் பிறகுதான். கிரீடத்தின் வடிவத்தில் தடுமாறும்போது இந்தக் கழுத்துதான் கைகொடுக்கும். 1901க்குப் பிந்தைய அரசர்களின் கிரீடத்தில் வளைவுகள் கவிழ்த்த கிண்ணம்போல் உருண்டு எழும். எலிசபெத் ராணியின் கிரீடம் நடுவில் பள்ளம் விழுந்தது. மங்கிய நகலில் அதை விக்டோரியாவின் கிரீடம் என்று எடுத்துக்கொள்வது எளிது.

கறுத்த ஹெல்மெட் தகட்டைப் பார்த்துப் பழசு என்று முடிவு கட்டாதே. இரவுப் பணிக்குப் பளபளக்காத தகடு வைத்திருந்த போலீஸ் படைகள் பல.

கைப்பட்டை இருப்பதால் உன் ஆள் பணி நேரத்தில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார் என்று கதை கட்டவும் வேண்டாம். முழு உடுப்போடு நின்று ஊருக்குப் படம் அனுப்ப ஆசைப்பட்டிருக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் தோன்றுவதைப் பதிவேட்டில் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. ஆண்டை எழுதும்போதும் ஒற்றை ஆண்டைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், "இதற்குப் பின், இதற்குள்" என்று இரண்டு கரைகளைக் கொடு. ஒவ்வொரு கரைக்கும் எந்தப் பொருள் ஆதாரம் என்று பக்கத்தில் குறித்துவை. உனக்குப் பிறகு வருகிறவர் உன் தவற்றைத் திருத்த அது வேண்டும்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். இடது மார்பில், மேலிருந்து மூன்றாவது பொத்தானுக்கு நேராக ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது. பதக்கமா, அட்டையில் விழுந்த கறையா என்று நீ அனுப்பிய நகலில் பிரித்தறிய முடியவில்லை. அந்த இடத்தை மட்டும் முடிந்தவரை பெரிதாக ஸ்கேன் செய். அட்டையின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பு. ஸ்டூடியோவின் பெயரோ முகவரியோ அச்சிட்டிருக்கலாம், பென்சிலால் யாராவது ஏதாவது எழுதியிருக்கலாம். பென்சில் எழுத்து இருந்தால் அதன்மேல் விரல் படாமல் பார்த்துக்கொள். நகல் வந்ததும் அன்றே பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்