ஆவாரம்பூ ரிப்பனும் அளவுகோலும்

கொங்குப் பகுதியில் பொங்கல் காப்புக்கட்டில் தொடங்குகிறது. போகி நாள் மாலையில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் தோட்டத்திலும் செருகுவோம். காணும் பொங்கலன்று பெண் பிள்ளைகள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூ பறித்து வரும் பூப்பறிக்கும் நோன்பும் உண்டு. ஆனால் இன்று வகுப்பில் இம்மூன்றையும் மேசைமேல் வைத்துப் பெயர் கேட்டால், வேப்பிலைக்கு மட்டும்தான் எல்லாக் கைகளும் உயர்கின்றன. காடுகள் பல மனையிடங்களாகிவிட்டன. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

எனவே பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு இதையே கைவினைச் செயல்பாடாக்கினேன். மூன்றையும் ரிப்பனிலும் துணித்துண்டிலும் செய்து, தலையில் குத்தும் கிளிப்பாக்க வேண்டும். முதல் வேலை பூவைப் பார்ப்பது. ஆவாரம்பூவுக்கு இதழ் எத்தனை, பூளைப்பூ ஏன் பஞ்சுபோல் இருக்கிறது, வேப்பிலையின் ஓரம் நேராக இருக்கிறதா, பல்பல்லாக இருக்கிறதா என்று நோட்டில் வரைந்த பிறகே கத்தரிக்கோல் கைக்கு வரும்.

ஆவாரம்பூவுக்கு ஐந்து இதழ்கள். ஓர் அங்குல அகல மஞ்சள் ரிப்பனில் இதழுக்கு 5 செ.மீ. வீதம் ஐந்து துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்து, அடியில் ஊசிநூல் ஓட்டிச் சுருக்கி இழுத்தால் பூ விரிந்துவிடும். நாங்கள் வாங்கிய சுருள் 9 மீட்டர். ஒரு பூவுக்கு 25 செ.மீ. என்றால் 900 ஐ 25 ஆல் வகுக்க 36 பூ. இதழை 6 செ.மீ. ஆக வெட்டினால் பூவுக்கு 30 செ.மீ.; 30 பூதான் வரும். “ஒரு சென்டிமீட்டர்தானே டீச்சர்” என்று சொன்ன குழுவையே கணக்குப் போடச் சொன்னேன். ஆறு பேருக்குப் பூ கிடைக்காது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் துணியை விரித்துவிட்டு உடனே வெட்டாமல் ஏன் அவ்வளவு நேரம் அளவு பார்க்கிறார் என்பதை விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. ஒருபக்கம் சோமனூர், பல்லடம் விசைத்தறிகள். மறுபக்கம் திருப்பூர் பனியன் கம்பெனிகள். பிள்ளைகள் கொண்டுவரும் துண்டுகளில் காடாத் துணியும் இருக்கும், பனியன் துணியும் இருக்கும். காடா நெசவுத் துணி. பாவும் ஊடும் குறுக்கு நெடுக்காக ஓடுவது. பனியன் துணி பின்னல். வளையத்துக்குள் வளையம் கோத்தது. இரண்டிலும் 10 செ.மீ. நீளப் பட்டை வெட்டி, இழுத்து, எவ்வளவு நீள்கிறது என்று அளந்து அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். பனியன் துணியை நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று வெட்டச் சொல்வது முக்கியம். சாதாரண சிங்கிள் ஜெர்சி குறுக்கில்தான் அதிகம் நீளும். அந்தப் பட்டையை இழுத்துவிட்டால் ஓரம் தானே சுருண்டு கயிறுபோல் ஆகும். சுருட்டி நடுவில் வைத்துத் தைத்தால் பூவின் மையம் தயார். இன்டர்லாக் துணியில் இது நடக்காது. ஏன் என்று ஒரு மாணவர் கேட்டார். லென்ஸைக் கொடுத்து இருபக்கமும் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை அவரே சொன்னார்.

வேப்பிலையில்தான் சுவாரசியம். ரிப்பனில் பல்பல்லாக வெட்டிய குழுவுக்குச் சற்று நேரத்தில் நூல் பிரிந்து வந்தது. பச்சைப் பனியன் துண்டில் வெட்டியவர்களுக்கு ஓரம் அப்படியே நின்றது. பூளைப்பூவுக்கு வெள்ளைப் பனியன் பட்டையின் ஒரு பக்கத்தைச் சீப்புப்பல்போல் நறுக்கி, மெல்லிய குச்சியில் சுற்றினால் போதும். ரிப்பனின் முனை பிரியாமலிருக்க மெழுகுவர்த்தியில் காட்டும் வேலையை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். அப்போது பருத்தித் துண்டு ஒன்றையும் எரித்துக் காட்டலாம். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான முத்தாகிறது; பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகிறது. ஏழாம் வகுப்பின் பலபடி வேதியியல் பாடத்துக்கு இது கை கொடுக்கும். சூடான பசைத் துப்பாக்கி வேண்டாம். ஊசிநூல் போதும்.

“கிளிப் எங்களுக்கு எதுக்குங்க டீச்சர்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். பவர்டேபிளிலும் ஓவர்லாக்கிலும் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களை நினைவூட்டினால் பேச்சு அடங்கிவிடும். அவர்களில் சிலர் தங்கைக்குச் செய்தார்கள். சிலர் வீட்டு வாசலில் கட்டக் காப்பாகவே செய்தார்கள். பீகாரிலிருந்து வந்த ஒரு மாணவர் பழுப்புத் துணியை உருட்டி எள்ளுருண்டை செய்தார். அவர்கள் வீட்டில் சங்கராந்திக்கு அதுதானாம். ஆவாரம்பூதான் வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை.

ஒரு மாணவி மட்டும் ஒரே பாடவேளையில் ஏழு பூ முடித்துவிட்டாள். வகுப்பு கைதட்டியது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். கம்பெனிப் பீஸ்களை வீட்டுக்கு வாங்கி வந்து, எண்ணிக்கைக் கூலிக்குப் பிசிறு வெட்டும் அம்மாவோடு உட்கார்ந்து பழகிய கை அது. திருப்பூரில் ஒரு காலத்தில் ‘கைமடி’ வேலைக்குச் சிறுவர்கள் போனதை நம்மில் பலர் அறிவோம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் தருகிறது. அந்த விலக்குக்குள் எவ்வளவு வேலை நுழைய முடியும் என்பது நம் தெருக்களில் நடந்தால் தெரியும்.

ஆகவே இதை நடத்தும் ஆசிரியர்களுக்குச் சில கறார்கள் தேவை. ஒரு பிள்ளைக்கு ஒரே பூ. வேகப் போட்டி கிடையாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. நன்றாக வந்திருக்கிறது, இருநூறு செய்து விற்றுப் பள்ளிக்கு ஏதாவது வாங்கலாம் என்று யாராவது அன்போடு சொல்வார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள். அந்த மாணவியிடம் எட்டாவது பூவை நான் கேட்கவில்லை. துணியை எந்தப் பக்கம் வெட்டினால் சுருளும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டச் சொன்னேன். வகுப்பில் அதிகம் பேசாதவள், கால் மணி நேரம் பேசினாள். அவள் சொன்ன ‘நெடுக்கு, குறுக்கு’ என்ற சொற்களைத்தான் பிறகு எல்லோரும் அளவு அட்டவணையில் எழுதினார்கள்.

கிளிப்பைப் பள்ளிக்குக் குத்திவர ஒரு நாள் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாளாக அது இருக்கட்டும். விடுமுறையில் கம்பெனிக்குப் போகும் மூத்த பிள்ளைகளில் ஓரிருவர் திரும்பி வருவதில்லை. அவர்களுடைய தம்பி, தங்கைகளும் சில நாள் தாமதிக்கிறார்கள். எங்கள் வகுப்பில் அன்று வருகைப் பதிவேட்டோடு பூக்களையும் எண்ணுகிறோம். குறையும் பூ யாருடையது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மாலையில் அந்த வீட்டுக்குப் போய்விடலாம்.