பழைய கட்டடத்தில் கேளுங்கள்

கேள்வி: ஹனோய் போகிறோம். மெட்ரோபோல் ஹோட்டலில் ஓர் இரவாவது தங்க ஆசை. கொடுக்கிற காசுக்குத் தகுமா?
– வாசகி, திருச்சி

பதில்: தகும், பழைய கட்டடத்தில் அறை கிடைத்தால். பிரெஞ்சு ஆட்சியில் 1901-இல் திறந்தது அதுதான். ஓபரா விங் பிற்பாடு சேர்த்தது. முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். 1936-இல் சார்லி சாப்ளின் தேனிலவுக்கு வந்த இடம் என்பார்கள். எனக்கென்னவோ பாருக்கு அடியிலுள்ள பதுங்கு குழிதான் பெரிது. வியட்நாம் போருக்குப் பின் மூடி, மறந்தே போனார்கள்; 2011-இல் புதுப்பிக்கத் தோண்டியபோது அகப்பட்டது. 1972 டிசம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது உள்ளே ஒளிந்திருந்தவர்களில் அமெரிக்கப் பாடகி ஜோன் பயஸும் ஒருவர்! தங்குபவர்களுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். தலையைக் குனிந்து இறங்குங்கள். காலைச் சாப்பாடு மட்டும் வெளியே, தெருவோரக் கடையில் ஒரு கிண்ணம் ஃபோ.